ஒன்பது பெருக்கல் குறி

முத்திரை குத்திய ரசீதை விசிறி போல ஆட்டிக்கொண்டே வெல்டிங்காரரின் மனைவி பட்டறைக்குள் வந்தபோது மணி ஒன்பதே கால். நிற்கவும் மனமில்லாமல், பெய்யவும் துணிச்சலில்லாமல் ஒரு தூறல் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"படிவத்தைக் குடுத்து முடிச்சாச்சு! வட்டத்துக்குள்ள நில்லு, வட்டத்துக்குள்ள நில்லுன்னு ஒன்றரை மணி நேரம் பாண்டி ஆட வெச்சுட்டானுங்க. எனக்கு முன்னாடி நின்ன ஆளு ஒரு தடவை கோட்டை மிதிச்சதுக்குப் போலீஸ்காரர் விசில் ஊதுறார். அவுட்டுன்னு சொல்லாததுதான் பாக்கி."

வெல்டிங்காரர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போதும் அது அங்கேதான் இருக்கும். குளிக்கும்போது மட்டும் இறங்கும். பொறி பட்டுப் பட்டு முன்கை இரண்டும் சல்லடை.

"நான் வந்து எழுதறேன்னு சொன்னேனே."

"நீங்க எழுதினா அது படிவம் இல்ல, கோழி கிளறின மண்ணு. நானே வந்து பார்த்து எண்ணிட்டேன். காலையில நீங்க பல் தேய்ச்சிட்டிருந்தீங்க."

"எண்ணினியா? எப்படி எண்ணின?"

"இது என்ன கேள்வி? எங்கப்பாவும் வெல்டர்தான். சிலிண்டர்ல வட்டம் போட்டா நிறைஞ்சது, பெருக்கல் போட்டா காலி. வட்டம் ரெண்டு, பெருக்கல் ஒன்பது. நிறைஞ்சது ரெண்டு, காலி ஒன்பதுன்னு எழுதி, உங்க கையெழுத்தையும் நானே போட்டுட்டேன்."

டீ தொண்டையில் பாதி வழியில் நின்றது. இறங்குவதா ஏறுவதா என்று யோசித்து, கடைசியில் மூக்கு வழியாக வந்தது.

சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த பதினோரு சிலிண்டர்களையும் அவர் திரும்பிப் பார்த்தார். சங்கிலி போட்டது அவற்றுக்கா தனக்கா என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டது.

அரசாங்கத்தின் உத்தரவு தெருமுனைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு அல்லாடுகிறார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் பட்டறைகள் எல்லாம் நிறைந்தது எத்தனை, காலி எத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிறைந்ததில் ஒன்றை அவசர வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றதைச் சோதித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொள்வார்கள். நோய் தணிந்ததும் திருப்பித் தருவார்கள். கணக்கில் பொய் இருந்தால் அது பதுக்கல். பதுக்கினால் கடைக்குச் சீல், ஆளுக்கு ஜெயில்.

வெறும் மிரட்டல் என்று சிரிக்கவும் முடியாது. போன வாரம்தான் முனை மருந்துக்கடைக்காரரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது பெட்டி மாஸ்க்கையும் எழுபது தெர்மாமீட்டரையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார் மனிதர். குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று பிளம்பரைக் கூப்பிட்டது அவருடைய மனைவி. தொட்டி மூடியைத் திறந்த பிளம்பர் ஊருக்கே சொன்னான்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் வெல்டிங்காரர் முதல் ஆள். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, முகம் ஏன் இப்படிப் போகுது?"

"இங்க வட்டம் போட்டிருந்தா காலி."

"என்னது?"

"பெருக்கல் போட்டிருந்தா நிறைஞ்சது. நான் மாத்திப் போட்டு வெச்சிருக்கேன். ஏழு வருஷமா."

மனைவி ரசீதைப் பார்த்தாள். சிலிண்டர்களைப் பார்த்தாள். பிறகு, கல்யாணத்தன்று முதல்முதலாகப் பார்த்தது போலக் கணவனைப் பார்த்தாள்.

அந்தத் தெருவில் எட்டுப் பட்டறை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. வேலை நடுவில் சிலிண்டர் தீர்ந்துபோனால் பக்கத்துப் பட்டறைக்குள் நுழைந்து, வட்டம் போட்டதாகப் பார்த்து உருட்டிக்கொண்டு போய்விடலாம். கேட்டால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'காலி' என்று சொன்னால் மட்டும் தப்பில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கடை கேட்டுக்காரர், வீட்டுக் கேட் செய்கிறவர், இப்படித்தான் கடைசிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வெல்டிங்காரர் செய்துகொண்டிருந்த இரும்பு மாடிப்படி பாதியில் நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் மூன்று நாள் மேலேயே மாட்டிக்கொண்டு, கயிற்றில் கூடை கட்டிச் சாப்பாடு வாங்கினார். அதற்கு மறுநாள் சாக்பீஸை எடுத்தவர்தான் வெல்டிங்காரர். காலிக்கு வட்டம், நிறைந்ததுக்குப் பெருக்கல். உருட்ட வருகிறவர்கள் தூரத்திலேயே பெருக்கல் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வட்டத்தை ஆசையாகத் தூக்கிப் பார்த்தவர்களிடம், 'அடடா, அது நேத்தே தீர்ந்துடுச்சு, அழிக்க மறந்துட்டேன்' என்பார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா நீ எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லுவ. அக்காவுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே மைக் கட்டின மாதிரி."

சொன்ன பிறகு இருவரும் எதிர் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா, கேட்டுக்காரரின் மனைவி, ஒரு காலத்தில் மாடி ஜன்னலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் சைக்கிள் பிரேக் அடிக்கும். நோய் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் கிடந்தாள். வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகியும் குரல் திரும்பவில்லை. கணவனைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். டிங் டிங் என்றால் தண்ணீர். மூன்று டிங் என்றால், 'என்னய்யா பண்றே அங்க?'

"சரி, உடனே ஓடிப் போய் மாத்தி எழுதிக் குடுத்துடலாம்," என்றாள் மனைவி.

அப்போதுதான் அவளுடைய தம்பி ஸ்கூட்டரை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். வயது முப்பத்திரண்டு. இன்ஷூரன்ஸ் விற்கிறான். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பதால் தெருவில் அவனுக்கு 'ஐடியா' என்றே பெயர். ஒரு கையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்.

"அக்கா, பறக்கும் படை தெருவுக்குள்ள வந்தாச்சு. ஒரு மேடம், ஒரு கேஜ்காரர், ஒரு போலீஸ்காரர், பின்னாடி ஒரு லாரி. மூணு கடை முடிச்சுட்டாங்க. அடுத்தது லேத்துக் கடை, அதுக்கப்புறம் நீங்கதான்." சொல்லிக்கொண்டே ஒரு சிலிண்டர் மேல் கையை ஊன்றப் போனான்.

"எண்ணெய்க் கையை எடுடா!" வெல்டிங்காரர் போட்ட சத்தத்தில் வறுவல் கீழே கொட்டியது. "ஆக்ஸிஜன் வால்வுல எண்ணெய் பட்டா என்ன ஆகும் தெரியுமா? பட்டறை இருக்காது. நீ விக்கிற இன்ஷூரன்ஸை வாங்க ஆளும் இருக்காது."

அவன் அக்கா மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள். ஐடியா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினான். யோசனை வருகிறது என்று அர்த்தம்.

"மாமா, சிம்பிள். காகிதத்துல என்ன இருக்கு? ஒன்பது காலி. அப்ப ஒன்பதையும் காலி பண்ணிடுங்க. பின்னாடி முற்றத்துக்குக் கொண்டு போய் வால்வைத் திறந்து விடுங்க. நிறைஞ்ச ரெண்டு எங்கேன்னு கேட்டா, இப்பதான் வேலைக்குச் செலவாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். காத்துதானே மாமா, காத்தோட போகட்டும்."

"வாயைக் கழுவு," என்றாள் அக்கா.

"ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டு போறதுக்கு இது தேவலாம்க்கா. கடைக்குச் சீல் வெச்சா எப்ப திறப்பாங்க?"

வெல்டிங்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்தில் லேத்துக் கடையின் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷப் பட்டறை. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையை அவரே வெட்டி, அவரே ஒட்டியது. மருந்துக்கடை ஷட்டரில் அரக்கு முத்திரை போட்ட துணி தொங்குவது ஞாபகம் வந்தது. பெருக்கல் போட்ட ஒரு சிலிண்டரின் சங்கிலியைக் கழற்றினார். தோளில் சாய்த்து, அடியை மட்டும் உருட்டி, பின்முற்றத்துக்குக் கொண்டு போனார். மூடியைத் திருகி எடுத்தார். சாவியை வால்வில் மாட்டினார்.

மனைவி தடுக்கவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தடுத்திருந்தால் ஒருவேளை வீம்புக்காவது திறந்திருப்பார்.

கால் சுற்று திருகினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

தூறலைக் கிழித்துக்கொண்டு காற்று பாய்ந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். இன்றைக்கு மட்டும் அது வேறொரு சத்தமாகக் கேட்டது. எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாள், இவர்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். "எங்க வீட்டு... சமையல்கட்டு... ஜன்னலை... சாத்தினீங்களா... பூனை... வந்துடும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஸ்ஸ்ஸ். பூனை என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

வெல்டிங்காரர் வால்வை மூடினார். இறுக்கி மூடினார். ஐந்து விநாடிக்குள் போனது போனதுதான்.

"இதுல யாரோ ஒருத்தர் அரை நாள் மூச்சு விடலாம்டா," என்றார் ஐடியாவிடம். "காத்துதானேங்கற. ஜெயிலாவது உள்ள போனா வெளிய வர வழி இருக்கு."

"அப்ப என்ன மாமா பண்றது?"

"உள்ளதைச் சொல்றது."

"அது ஐடியாவே இல்லையே மாமா!"

"அதான் உனக்குத் தோணல," என்றாள் அக்கா. ஆனால் அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்ததை வெல்டிங்காரர் பார்த்தார்.

சிலிண்டரை உருட்டிக்கொண்டு அவர்கள் மறுபடி முன்பக்கம் வந்தபோது படை உள்ளே நுழைந்துவிட்டது. அதிகாரி அம்மாளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். மாஸ்க்குக்கு மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் இன்னொரு கண்ணாடி. பேசினால் இரண்டிலும் ஆவி படிந்தது. கேஜ்காரர் காற்றழுத்தம் பார்க்கும் மானியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை நேரத்துச் சலிப்போடு நின்றார்.

"நிறைஞ்சது ரெண்டு, காலி ஒன்பது. சரிதானே?" அதிகாரி அம்மாள் படிவத்தைப் புரட்டினாள். "வட்டம் போட்ட ரெண்டையும் முதல்ல பாருங்க."

கேஜ்காரர் முதல் வட்டத்தின் வால்வில் மானியை வைத்துத் திருகத் தொடங்கினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"மேடம், நிறுத்தச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது காலி. இந்த ஒன்பதும்தான் நிறைஞ்சது. என் பொண்டாட்டி குறியைப் பார்த்து நேர்மையா எழுதிட்டா. குறிதான் பொய். போட்டது நான்." வெல்டிங்காரர் மாடிப்படிக் கதையிலிருந்து சாக்பீஸ் வரை ஒன்று விடாமல் சொன்னார். கயிற்றில் கூடை கட்டிய இடத்தில் போலீஸ்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அந்தக் காலத்தில் இருமல் சிரிப்பைவிட ஆபத்து. எல்லோரும் ஓரடி விலகினார்கள்.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை.

"சோதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தானா வந்து சொன்னா திருத்தம் எழுதிக்கலாம், உத்தரவுல இருக்கு. மானியை மாட்டிட்டோமா?"

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு மேடம்," என்றார் கேஜ்காரர்.

"நல்லவேளை. ஆனா ஒண்ணு. நேத்து ஒருத்தர் அறுநூறு கையுறையை மெத்தைக்குள்ள வெச்சுத் தைச்சுட்டு, முதுகுவலிக்கு மெத்துன்னு இருக்கும்னு சொன்னாரு. கதை எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. இந்தக் குறி ஏழு வருஷமா இப்படித்தான், எங்களுக்காகப் போன வாரம் போட்டது இல்லன்னு இதே தொழில்ல இருக்கிற ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். யாராவது இருக்காங்களா?"

ரகசியம் ரகசியமாக இருந்ததே யாருக்கும் தெரியாததால்தான். அதற்குச் சாட்சிக்கு எங்கே போவது?

"எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"அவரையா? கொன்னுடுவாருடி."

"கொல்லட்டும். கூப்பிடுங்க."

கேட்டுக்காரர் கூப்பிடாமலேயே வந்துவிட்டார். பறக்கும் படை வந்ததிலிருந்து வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒரு கேட்டின் அகலம். அதிகாரி அம்மாள் விஷயத்தை இரண்டே வரியில் சொன்னாள். அவர் முகம் மாஸ்க்குக்கு மேலே மெல்ல மெல்லச் சிவந்தது.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க. பெருக்கல் போட்டதெல்லாம்?"

"நிறைஞ்சதாம்."

"ஏழு வருஷமா?"

"அண்ணே..." என்றார் வெல்டிங்காரர்.

"அண்ணேன்னு கூப்பிடாதே! ஸ்கூல் கேட்டுக்கு ஒரே ஒரு சிலிண்டர் கேட்டு வந்தேன். 'ஐயோ அண்ணே, எல்லாம் காலி, நானே வேலையில்லாம உக்காந்திருக்கேன்'னு கண்ணைக் கசக்கினியேடா! பாவமேன்னு உனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனேனேடா! பன்னும் சேர்த்து!"

"அது எந்த வருஷம்?" அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தாள்.

"ஆறு வருஷம் ஆச்சு மேடம், மறக்குமா? அந்தப் பெரிய மழை வருஷம். அப்பவும் இதே மாதிரி பெருக்கல் பெருக்கலா நின்னுச்சு. அதுக்கடுத்த வருஷம் பெட்ரோல் பங்க் வேலை. அப்பவும் பெருக்கல்! என் தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பந்தல் கம்பி ஒட்டணும்னு கேட்டேன், பெருக்கல்! இந்த ஆளைப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா போட்டிருக்கணும் மேடம்!"

அதிகாரி அம்மாளின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நிமிர்ந்தபோது அவள் கண்ணில் ஏதோ மின்னியது. ஆவி படிந்ததில் சரியாகத் தெரியவில்லை.

"இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இப்ப சொன்னதுக்குக் கீழே ஒரு கையெழுத்து."

"கையெழுத்தா? இவனுக்கா?" கேட்டுக்காரர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். "மாட்டேன். உள்ளே போடுங்க. நல்லா பெருக்கல் குறி மாதிரி கம்பி போட்ட ரூமாப் பார்த்துப் போடுங்க. கம்பி நானே ஒட்டித் தரேன்."

"அண்ணே, உங்க காலைத் தொட்டு..." என்று மனைவி முன்னால் வந்தாள்.

"நீ தள்ளும்மா. உன்மேல எனக்குக் கோபம் இல்ல."

எதிர் மாடியில் டிங் டிங் டிங் என்று டம்ளர் தட்டும் சத்தம். கேட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி மூன்று டிங். அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. டம்ளர் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து தெருவில் விழுந்து உருண்டது.

"யோவ்!"

லாரி டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்து பிரேக்கை மிதித்தார். லாரி நின்றுகொண்டுதான் இருந்தது.

"கையெழுத்தைப் போடுய்யா!"

கரகரப்பாக, நடுவில் ஒரு இடத்தில் உடைந்து வந்தாலும் அது அந்தக் குரல்தான். கேட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றாள். மூச்சு வாங்கியது. வாங்கி முடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

"ஒன்பது நாள் அதை மூக்குல மாட்டிக்கிட்டுக் கிடந்தவ நான். எடுத்துக் குடுக்கிறவன் கையை நீ பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே! போடு! போட்டுட்டு, மாடிப்படிக்குக் கீழே கோணி போட்டு மூடி வெச்சிருக்கியே ரெண்டு, அதையும் எடுத்து லாரியில ஏத்து!"

கேட்டுக்காரர் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து மாஸ்க்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் திரும்பிய சந்தோஷமா, கோணிப்பை வெளியே வந்த துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"என்ன குரல் பாருங்க மேடம்," என்றார். "பன்னிரண்டு நாள் ஆச்சு."

"கேட்டுச்சு. கோணியும் கேட்டுச்சு." அதிகாரி அம்மாள் அடுத்த படிவத்தைப் புரட்டினாள். "உங்க கணக்குல ரெண்டு குறையுதே?"

"எங்க கடைக்கு நீங்க இன்னும் வரலையே மேடம். நான் தானா முன்வந்து சொல்லிட்டதா வெச்சுக்கக் கூடாதா?"

"சொன்னது நீங்களா, வீட்டம்மாவா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். இருபத்தெட்டு வருஷமா அவ சொல்றதுதான் நான் சொல்றது."

"சரி. உங்களுக்கும் ஒரு சாட்சி வேணும். இதே தொழில்ல இருக்கிறவரா."

கேட்டுக்காரர் வெல்டிங்காரரைப் பார்த்தார். வெல்டிங்காரர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் யோசிக்கணும் மேடம்."

"டேய்!"

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் வெடித்துச் சிரித்தது கேஜ்காரர்தான். அதிகாரி அம்மாளின் இரண்டு கண்ணாடியிலும் ஆவி நிறைந்து, அவள் அவற்றைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. ஒரே பேனாவில், சானிடைசர் தெளித்துத் தெளித்து, இருவரும் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து கிளம்பிய செய்தி மைக் கட்டின மாதிரி தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது. லேத்துக் கடைக்காரர் ஓடி வந்து, சோதனை முடிந்த பிறகும் திருத்தம் உண்டா என்று கேட்டார். கிரில் கடைக்காரர் ஒரு சிலிண்டருக்குப் பழைய கோட்டு மாட்டி மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்; தூரத்திலிருந்து பார்த்தால் மாமனார் மாதிரி இருக்குமாம். மதியத்துக்குள் படிவம் தீர்ந்துபோய், ஐடியா ஸ்கூட்டரில் போய்ப் பிரதி எடுத்து வந்தான். நாள் முழுக்க அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்றாள் அவன் அக்கா.

லாரி கிளம்பும்போது அதில் இருபத்தாறு சிலிண்டர் நின்றது. அதில் எட்டு வெல்டிங்காரருடையது. ஐந்து விநாடி திறந்ததை மட்டும் அவர் தனியாகக் காட்டி, "இதுல கொஞ்சம் குறைச்சலா இருக்கும் மேடம், என் தப்பு," என்றார். எப்படிக் குறைந்தது என்று அதிகாரி அம்மாள் கேட்கவில்லை. போகிறபோக்கில், வார்டில் சிலிண்டர் தள்ள நாற்பது தள்ளுவண்டி வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மனைவி ஈரத்துணியால் குறிகளை எல்லாம் துடைத்தாள். மிச்சமிருந்த ஒரே நிறைந்த சிலிண்டர் மேல், சாக்பீஸ் தேயத் தேய, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள்.

நான்காம் நாள் காலை கேட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டாவது தள்ளுவண்டியில் அவருடைய சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

"என்னோடது முடிஞ்சுபோச்சு. உன்கிட்ட..." என்று இழுத்தார்.

"அதோ இருக்கு அண்ணே. எடுத்துக்குங்க."

கேட்டுக்காரர் வட்டத்தைப் பார்த்தார். கிட்டே போய், ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தார். லேசாகச் சாய்த்து எடை பார்த்தார். சுற்றி வந்து பின்பக்கம் வேறு குறி இருக்கிறதா என்று குனிந்தார்.

"நிஜமாவே நிறைஞ்சதுதானா?"

"நிஜமா அண்ணே."

"உன் பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணு."

வெல்டிங்காரர் வாயைத் திறப்பதற்குள் எதிர் மாடியிலிருந்து, இந்தத் தடவை எங்கேயும் உடையாமல், தெருக்கோடி வரை கேட்டது:

"தூக்கிட்டு வாய்யா!"

தெருக்கோடியில் ஒரு சைக்கிள் பிரேக் அடித்தது.